ஒரு வருஷத்தை முழுங்கிய லேப்டாப்!

கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆசாமியை ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கு அனுப்பி வையுங்கள். கேன்டீனில் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, 2022 அக்டோபரில் நடந்த கதையைச் சொல்லி அனுப்புகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஜன்னலோரம் மூன்றாவது மேஜை என்னுடையது. அந்த மேஜைக்கு ஒரு புது லேப்டாப் வந்தது. பெட்டியைப் பிரித்து, ஊதுபத்தி காட்டாத குறையாக ஆன் செய்தேன். 'எந்த நாடு, எந்த மொழி' என்று அது ஆரம்பத்தில் ஏதோ கேட்டது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்கிற மாதிரி, என்ன ஏது என்று பார்க்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனேன். அங்கேதான் சனி உட்கார்ந்தது.

அந்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "எல்லாரோட சர்வீஸையும் கணக்குப் போட்டு ஒரு ஷீட் ரெடி பண்ணுப்பா. இந்த மாசம் ரிடையர் ஆறவங்களுக்கு கிராஜுவிட்டி செட்டில் பண்ணணும்."

பழைய பே-ரோல் சாஃப்ட்வேரிலிருந்து 214 பேரின் பெயரும், வேலைக்குச் சேர்ந்த தேதியும் ஒரு ஃபைலாக வந்தன. 'சி.எஸ்.வி.' என்பார்கள். வெறும் எழுத்தும் எண்ணும், நடுநடுவே கமாவும். அதை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தேன். சர்வீஸ் கணக்கிடும் ஃபார்முலாவை ஒரு கட்டத்தில் போட்டு, கீழே வரை இழுத்தேன்.

பாதிக்கு மேல் 'வேல்யூ' என்று ஆச்சரியக்குறியோடு திட்டியது. எண்ணிப் பார்த்தால் 131 பேர். அவர்களின் தேதிகள் மட்டும் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மீதி 83 பேரின் தேதிகள் சமர்த்தாக வலது ஓரத்தில் நின்றன, விடையும் சொல்லின. 'சரி, கெட்டதை மட்டும் திருத்துவோம்' என்று ராத்திரி எட்டரை வரை உட்கார்ந்து, 131 தேதிகளையும் மாதத்தை எழுத்தில் போட்டு, 25-பிப்-1991 என்கிற ரீதியில் அடித்து முடித்தேன். திட்டு நின்றது. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நான் கெட்டவர்களையெல்லாம் நல்லவர்களாக்கி, நல்லவன் வேஷம் போட்ட 77 பேரைக் கோட்டை விட்டது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அண்ணே வந்தார். மில்லிங் மிஷின் ஆபரேட்டர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான், ஜெனரல் மேனேஜர் உட்பட. அக்டோபர் 31-ம் தேதி ரிடையர்மென்ட். கையில் நான் அனுப்பிய கணக்குச் சீட்டு.

"தம்பி, இதுல சர்வீஸ் 31 வருஷம்னு போட்டிருக்கு. 32 வரணுமே?"

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது நடப்பிலிருந்த 1972-ம் வருஷ கிராஜுவிட்டி சட்டப்படி, கடைசி மாதச் சம்பளத்தை (பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷ சர்வீஸுக்கான தொகை. மிச்சமிருக்கும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதையும் முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணேவுக்கு 26,000 ரூபாய். ஆக, வருஷத்துக்கு 15,000. முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா என்ற கேள்விக்கு விலை அதுதான்.

நான் ஷீட்டைக் காட்டினேன். "நீங்க சேர்ந்த தேதி இதானே அண்ணே? 11/2/1991."

"ஆமா."

"கம்ப்யூட்டர் கணக்குப்படி 30 வருஷம், 11 மாசம், 29 நாள். அதான் 31-னு போட்டிருக்கேன்."

அண்ணே விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை முன்னாலிருந்து பின்னால். ஒரு தடவை பின்னாலிருந்து முன்னால். பிறகு நிமிர்ந்தார்.

"உன் கணக்குப்படி பார்த்தா நான் நவம்பர் மாசமில்ல சேர்ந்திருக்கணும்?"

"அப்படித்தான் வருது."

"தம்பி, ராஜீவ் காந்தியைக் கொன்னாங்களே, அந்த ராத்திரி நான் எங்க இருந்தேன் தெரியுமா? இதே கம்பெனியில நைட் ஷிஃப்ட். காலைல வெளிய வந்தா ஒரு பஸ் இல்ல, ஒரு டீக்கடை இல்ல. இங்கேருந்து வில்லிவாக்கம் வரைக்கும் நடந்தே போனேன். எங்கம்மா வாசல்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க. அது மே மாசம். நவம்பர்ல சேர்ந்தவன் மே மாசம் எப்படி தம்பி ஷிஃப்ட் பார்த்திருப்பான்?"

1991 மே 21. இதற்கு என்ன பதில் சொல்ல? தேதியும் சரி, ஃபார்முலாவும் சரி, விடை மட்டும் தப்பு! பேய் பிடித்த மாதிரி இருந்தது. சிஸ்டம்ஸ் பையனைக் கூப்பிட்டேன். இருபத்து மூன்று வயது. வந்தான், அந்தக் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்தான், தேதியில் மாதத்தை எழுத்தில் காட்டச் சொன்னான்.

2-நவம்பர்-1991.

"சார், உங்க லேப்டாப் அமெரிக்காவுல இருக்கு" என்றான்.

அம்பத்தூரில் என் மேஜை மேல் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்த லேப்டாப், மனசளவில் அமெரிக்காவில் குடியிருந்தது! அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 11/02 என்றால் நமக்கு பிப்ரவரி பதினொன்று. அவர்களுக்கு நவம்பர் இரண்டு. ஃபைலைத் திறந்தவுடனேயே எக்செல் அதை அமெரிக்கக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டது. படித்ததை மறுபடி அமெரிக்க பாணியிலேயே திரையில் காட்டியது: 11/2/1991. அதை நான் இந்தியக் கண்ணால் பார்த்து, 'ஆஹா, சரியாக இருக்கிறது' என்று தலையாட்டினேன். '02' என்பதில் இருந்த பூஜ்யம் காணாமல் போனதுதான் ஒரே தடயம். யார் சார் பூஜ்யத்தையெல்லாம் பார்க்கிறார்கள்?

அப்படியானால் அந்த 131 பேர்? 25/02/1991 என்பதை அமெரிக்க முறையில் படித்தால் இருபத்தைந்தாவது மாதம். அப்படி ஒரு மாதம் எந்த ஊரிலும் கிடையாது. அதனால் எக்செல் 'இது தேதியே இல்லை, ஏதோ எழுத்து' என்று இடது ஓரத்தில் தள்ளிவிட்டது. யோசித்துப் பாருங்கள், அவைதான் யோக்கியமான தப்புகள். தப்பு என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டன. பன்னிரண்டுக்குள் அடங்கிய தேதிகள்தான் சத்தமில்லாமல் ஆள்மாறாட்டம் செய்தன.

கணக்கு வேண்டுமா? வருஷத்தில் தேதியும் மாதமும் இரண்டுமே பன்னிரண்டுக்குள் இருக்கும் நாட்கள் 12 x 12, அதாவது 144. இதில் 1-1, 2-2 என்று 12-12 வரை பன்னிரண்டு நாட்களைத் திருப்பினாலும் அதேதான். மீதி 132 நாட்கள். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! 365 நாளும் தப்பாகப் போயிருந்தால் முதல் நிமிஷத்திலேயே பிடித்திருப்பேன். 132 நாள் மட்டும் தப்பு என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு சின்ன ரகசியம். எக்செல்லுக்கு உண்மையில் தேதி என்றால் என்னவென்றே தெரியாது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு நாட்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். நாம் சுதந்திரம் வாங்கிய 1947 ஆகஸ்ட் 15 அதற்கு வெறும் 17394. அண்ணே வேலைக்குச் சேர்ந்த நாள் 33280. என் லேப்டாப் படித்தது 33544. இரண்டுக்கும் வித்தியாசம் 264 நாள். திரையில் தெரியும் சாய்கோடு, புள்ளி, மாதத்தின் பெயரெல்லாம் அந்த எண்ணுக்குப் போட்டுவிடும் சட்டைதான். சட்டையை மாற்றுவதால் உள்ளே இருக்கும் ஆள் மாறமாட்டான்.

இது தெரியாமல்தான் நம்மில் பலர் 'ஃபார்மட் செல்ஸ்' என்பதைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்வை சிந்துகிறோம். எழுத்தாகிப்போன தேதிக்கு எந்தச் சட்டையும் ஏறாது. தப்பாகப் படிக்கப்பட்ட தேதிக்கு எல்லாச் சட்டையும் ஏறும். ஆனால் ஆள் தப்பு.

இந்த எண்ணும் வேலையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. எக்செல்லில் 60 என்று அடித்து, அதைத் தேதியாகக் காட்டு என்று சொல்லிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று கூசாமல் சொல்லும். 1900 லீப் வருஷமே இல்லை! நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள், 1900-ஐ லீப் வருஷமாக எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் ஃபைல்கள் ஒத்துப்போக வேண்டுமே என்று அதே தப்பைத் தெரிந்தே எடுத்துக்கொண்டது. மாமியார் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று தெரிந்தும் மருமகள் அதே அளவு போடுகிற மாதிரி. இன்றுவரை அந்த இல்லாத நாள் உலகத்து ஆபீஸ்களில் எல்லாம் இருந்துகொண்டிருக்கிறது.

மெக்கின்டாஷ் எக்செல் தன் பங்குக்கு 1904-லிருந்து எண்ண ஆரம்பித்தது. அந்தக் காலத்து மேக் ஃபைலிலிருந்து தேதிகளை இங்கே ஒட்டினால், சரியாக நாலு வருஷமும் ஒரு நாளும், அதாவது 1,462 நாள், தள்ளி நிற்கும். எல்லாத் தேதியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் உடனே இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் மட்டும்தான் ஏமாந்தோம் என்று நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். அப்புறம் படித்தால், மரபணு விஞ்ஞானிகளே ஏமாந்திருக்கிறார்கள்! 'மார்ச்1', 'செப்ட்2' என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர். எக்செல் அதைப் பார்த்ததும் 'ஓ, மார்ச் ஒன்றாம் தேதியா?' என்று தேதியாக்கிவிட்டது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரித் தப்பு இருக்கிறது என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு போட்டு உடைத்தது. கடைசியில் யார் விட்டுக்கொடுத்தது தெரியுமா? மரபணுக்கள்! 2020-ல் பெயர் வைக்கும் கமிட்டி, 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று பெயர் மாற்றிய கதையை விதிமுறையாகவே எழுதி வெளியிட்டது. இந்தத் தானியங்கி உற்சாகத்தை அணைக்க ஸ்விட்ச் வந்தது 2023-ல்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அண்ணே எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதான் அண்ணே. திருத்திடறேன்."

"பணம் பெரிசில்லைன்னு சொல்ல மாட்டேன் தம்பி. பொண்ணு கல்யாணம் வருது. ஆனா அந்த எட்டே முக்கால் மாசமும் நான் மிஷின் முன்னால நின்னிருக்கேன். அது எங்க போகும்?"

அவர் எதிரிலேயே அவருடைய கட்டத்தில் 11-பிப்-1991 என்று அடித்தேன். 31 வருஷம், 8 மாதம் என்று வந்தது. முழு வருஷமாக்கினால் 32. புதுச் சீட்டு நாளை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மீதிப் பேருக்கு? சிஸ்டம்ஸ் பையன் ஒரு வழி சொன்னான். நான் கையால் அடித்த 131-ம் பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகள். புரண்டுபோனவை எல்லாம் பன்னிரண்டுக்குள் இருப்பவை. எனவே, 'தேதி பன்னிரண்டுக்குள் இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்று, இல்லையென்றால் தொடாதே.' ஃபார்முலாவில் =டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மந்த்(ஏ2)) என்று, மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நாளைக் கொடுத்தால் திரும்பிக்கொள்ளும் (ஆங்கில எழுத்தில் அடியுங்கள், தமிழில் அடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்). போட்டேன். 77 பேரும் கரையேறினார்கள். விடையைப் பழைய தேதிகளின் மேலேயே ஒட்டி, சேவ் செய்து, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. 77 இல்லை! அண்ணேவை நான் ஏற்கெனவே கையால் திருத்திவிட்டேனே! சரியாக இருந்த பிப்ரவரி 11 பன்னிரண்டுக்குள் வருகிறதே! காலையில் எட்டு மணிக்கே ஆபீஸ் போய்ப் பார்த்தேன். 2-நவம்பர்-1991 என்று பல்லிளித்தது. ஒரே மனுஷரை இரண்டு தடவை நவம்பரில் வேலைக்குச் சேர்த்த பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும்.

அதற்கப்புறம்தான் உருப்படியான காரியம் செய்தேன். வந்த ஃபைலைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து. முதலில் லேப்டாப்பை இந்தியாவுக்கு அழைத்து வந்தேன். கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்', அதில் 'ஃபார்மட்ஸ்', அதில் 'இங்கிலீஷ் (இந்தியா)'. விசா தேவையில்லை. உபரி லாபம், கமாவும் நம்மூர்க் கமாவாக லட்சத்துக்கு லட்சம் விழ ஆரம்பித்தது. ஆனால் ஒன்று, ஏற்கெனவே தப்பாகப் படித்துச் சேமித்த ஷீட்டை இது திருத்தாது. நவம்பர் 2-ஐ இந்திய பாணியில் 02-11 என்று அழகாகக் காட்டும், அவ்வளவே.

இரண்டாவது, சி.எஸ்.வி. ஃபைலை இனி ஜென்மத்துக்கும் டபுள் கிளிக் செய்வதில்லை. காலி ஷீட்டைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாக உள்ளே அழைக்கிறேன். 'எது என்ன வகை என்று நீயாகக் கண்டுபிடிக்காதே' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வில் தேதி வரிசையின் தலையில் ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொக்கேல்' என்று போய், 'டேட், இங்கிலீஷ் (இந்தியா)' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தேதி மொத்தமும் எழுத்தாகவே வந்து நிற்கிறதென்றால் இன்னும் சுலபம்: 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்', அதன் மூன்றாவது படியில் 'டேட்', 'டி.எம்.ஒய்.'. கூகுள் ஷீட்ஸ் ஆசாமிகளுக்கு ஃபைல் மெனுவின் 'செட்டிங்ஸ்' உள்ளே 'லொக்கேல்' இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனி நாட்டுப் பிரஜை. வெளிநாட்டு நண்பர் அனுப்பினது என்றால் கட்டாயம் பாருங்கள்.

பிறகு தேதி வரிசையை அகலமாக்கி, இடம் வலம் என்று நகர்த்தும் பட்டன்களைத் தொடாமல், ஒரு பார்வை. இடது ஓரத்தில் ஒன்று ஒட்டியிருந்தாலும் மொத்த வரிசையையும் சந்தேகப்படு. அந்த ஒன்றைத் திருத்திவிட்டு 'அப்பாடா' என்று சொல்லாதே. (இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.) வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கமும் அன்றோடு போயிற்று. 12-6-28 என்று ஒரு பென்ஷன்தாரர் தாத்தாவின் பிறந்த தேதியை அடித்தால், அவர் 2028-ல்தான் பிறக்கப் போகிறார் என்று எக்செல் முடிவு கட்டும்.

யோசித்தால் இந்தக் குழப்பம் நம் வாயிலேயே இருக்கிறது. 'பிப்ரவரி பதினொண்ணாம் தேதி' என்று அமெரிக்கக்காரன் மாதிரி மாதத்தை முதலில் சொல்கிறோம். எழுதும்போது வெள்ளைக்காரன் பழக்கத்தில் 11-2 என்று திருப்பிப் போடுகிறோம். வருஷம், மாதம், நாள் என்று பெரிசிலிருந்து சின்னதுக்கு எழுதுங்கள், சண்டையே வராது என்று 1988-ல் 'ஐ.எஸ்.ஓ. 8601' என்ற உலகத் தரம் வந்தது. 1991-02-11 என்று எழுதினால் எந்த நாட்டு எக்செல்லும் ஒழுங்காகப் படிக்கிறது. ஆபீஸில் இதைச் சொன்னபோது, "இதென்னப்பா புதுசா சைனாக்காரன் மாதிரி" என்று மேனேஜர் முகம் சுளித்தார்.

அக்டோபர் 31-ம் தேதி சாயங்காலம் அண்ணேவுக்கு மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். கிராஜுவிட்டி நான்கு லட்சத்து எண்பதாயிரம். சான்றிதழில் 32 வருஷம் என்று இருக்கிறதா என்பதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடித்துப் பையில் வைத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஆபீஸுக்கு வந்தார். பெண் கல்யாணம். பிரித்தேன். 'நிகழும் மங்களகரமான சுபகிருது வருஷம் தை மாதம் 27-ம் தேதி...' வருஷம், மாதம், நாள்! சாட்சாத் ஐ.எஸ்.ஓ. 8601! மேனேஜரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் எதிர்ப்பக்கத்து அச்சகத்தின் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்றார்.

அடைப்புக்குறிக்குள் இங்கிலீஷ் தேதி 10-2-2023 என்று இருந்தது. என் பழைய லேப்டாப் புத்தியில் படித்தால், காந்தி ஜெயந்தி அன்று சாப்பாட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். பக்கத்திலேயே வெள்ளிக்கிழமை என்றும் போட்டிருந்தார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

இருந்தாலும் அன்று ராத்திரி அண்ணேவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.